இரசாயனத்தில் மேற்படிப்புக்கு அப்பாவின் ஈ.பி.எஃப். காசு வேண்டாம்

கேள்வி: அக்கா, நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். உயர்தரம் வரைக்கும் தமிழ் மூலம். பேராதனையில் இரசாயனவியல் சிறப்புப் பட்டத்தை இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில் முடித்துவிட்டு இப்போது அங்கேயே தற்காலிகமாக ஆய்வுகூட வகுப்புகளுக்கு உதவியாக நிற்கிறேன். கலாநிதிப் பட்டம் வரைக்கும் படிக்க ஆசை. கண்டியில் ஒரு ஏஜென்சியில் பிரித்தானியாவில் ஒரு வருட முதுமாணிக்கு இடம் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள், எல்லாம் சேர்த்து 90 இலட்சம் வருமாம். அப்பா அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். தன்னுடைய ஈ.பி.எஃப். காசை முன்பணமாகக் கட்டலாம், மிச்சத்துக்கு ஹட்டனில் உள்ள மாமாவின் வீட்டை அடகு வைக்கலாம் என்கிறார். அம்மாவோ ஆசிரியர் நியமனம் வந்தால் போய்ச் சேர் என்கிறார். எந்தப் பிரிவை எடுத்தால் வேலை கிடைக்கும் என்றும் தெரியவில்லை, என் ஆங்கிலமும் பெரிதாக இல்லை. என்ன செய்யலாம்?

பதில்:

தங்கச்சி, அந்த ஏஜென்சிக்கு ஒரு சதமும் கட்டாதீர்கள். அப்பாவிடமும் மாமாவிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அடகுப் பேச்சே வேண்டாம் என்று. இந்த மாதிரிக் கடிதங்கள் மலையகப் பிள்ளைகளிடமிருந்து எனக்கு அடிக்கடி வருகின்றன, பெரும்பாலும் காசு கட்டி முடிந்த பிறகுதான் வருகின்றன. நீங்கள் அதற்கு முன்னமே எழுதியிருக்கிறீர்கள், அந்த மட்டில் எனக்குப் பெரிய நிம்மதி.

ஏன் என்று சொல்கிறேன். கட்டணம் கட்டிப் படிப்பதே வழமையாக உள்ள துறைகள் இருக்கின்றன, முகாமைத்துவம், கணக்கியல் மாதிரி. இரசாயனம் அப்படி இல்லை. கலாநிதிப் பட்டம்தான் நோக்கம் என்றால் பல்கலைக்கழகம் உங்களுக்குச் சம்பளம் தர வேண்டும். அது தர்மத்துக்குக் கொடுக்கிற காசும் இல்லை. அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவத்துக்குப் போக நினைக்கிற பிள்ளை, தாதியர் படிப்புக்கு வந்த பிள்ளை, பொறியியல் பிள்ளை என்று பெருந்தொகையானவர்கள் முதல் வருடத்தில் பொது இரசாயனம் படித்தாக வேண்டும், அதுவும் ஆய்வுகூட வகுப்போடு. அத்தனை பேரையும் அமிலப் போத்தலோடு தனியே விட முடியாது. ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் நிற்க வேண்டும், அறிக்கைகளைத் திருத்த வேண்டும், சந்தேகம் கேட்டால் விளக்க வேண்டும். அந்த வேலையைச் செய்கிறவர்கள் கலாநிதி மாணவர்கள். அதற்குப் பதிலாகத்தான் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். இடத்தைப் பொறுத்து வருடத்துக்கு ஏறக்குறைய 25 ஆயிரம் டொலரிலிருந்து 40 ஆயிரம் டொலர் வரைக்கும் இருக்கும். ஓரிரு வருடம் போன பிறகு பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து அந்தச் சம்பளம் வரத் தொடங்கும். இப்போது பேராதனையில் நீங்கள் செய்கிறீர்களே, முதலாம் வருடப் பிள்ளைகளின் பக்கத்தில் நின்று நியமிப்புச் செய்விப்பது, அதே வேலைதான். அதில் உங்களுக்கு ஏற்கெனவே அனுபவம் இருக்கிறது என்பதை விண்ணப்பத்தில் சின்னதாக எழுதிவிட்டுப் போகாதீர்கள், விவரமாக எழுதுங்கள்.

இன்னொன்று, அமெரிக்காவில் இரசாயனக் கலாநிதிப் படிப்புக்கு முதுமாணி தேவையில்லை. நான்கு வருடச் சிறப்புப் பட்டம் போதும், நேராகச் சேரலாம். ஐந்து, ஆறு வருடம் எடுக்கும். முதல் வருடம் பாடங்கள், பிறகு தகுதிப் பரீட்சை, அதன் பிறகு முழுக்க ஆய்வு. நடுவில் ஒத்துவரவில்லை என்றால் அநேகமான இடங்களில் முதுமாணிப் பட்டத்தோடு வெளியே வரலாம், அதுவும் கட்டணம் இல்லாமல். அப்படியிருக்க, 90 இலட்சம் கொடுத்து ஒரு வருடம் பாடமும் சில மாத ஆய்வும் செய்துவிட்டு, திரும்பவும் அதே வரிசையில் அதே விண்ணப்பத்தோடு நிற்பதில் என்ன இலாபம்? அந்த ஒரு வருட முதுமாணி மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. கொமன்வெல்த் புலமைப்பரிசில் கிடைத்து யாரோ காசு கட்டினால் சந்தோஷமாகப் போங்கள். லயத்தில் இருந்துகொண்டு மலையேறிக் கொழுந்தும் கவ்வாத்துமாக உழைத்துச் சேர்ந்த காசில் போகக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, இப்போது என்ன செய்வது. என்னைக் கேட்டால் உங்களுடைய அடுத்த படி கண்டியை விட்டு வெளியே இல்லை. இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு நல்ல பெறுபேறு, ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்கிறவர்கள் நிறையப் பேர். அதோடு ஒன்றிரண்டு வருட ஆய்வு அனுபவமும் பெயர் வந்த ஒரு கட்டுரையும் சேர்ந்தால் உங்கள் கோப்பு வேறு குவியலுக்குப் போய்விடும். அதற்கு ஆய்வு உதவியாளர் வேலை தேடுங்கள். ஹந்தான வீதியில் தேசிய அடிப்படை ஆய்வு நிறுவனம் இருக்கிறது. உயிரின் தோற்றத்துக்குப் பின்னால் உள்ள இரசாயனத்தை ஆராய்ந்து உலகப் பெயர் எடுத்த சிறில் பொன்னம்பெரும 1980களில் பணிப்பாளராக இருந்த இடம் அது. அங்கே ஆய்வு உதவியாளர்களை எடுக்கிறார்கள், கொடுப்பனவும் உண்டு, வேலை செய்துகொண்டே பேராதனையில் உள்ள விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவகத்தில் முது தத்துவமாணிக்கோ (எம்.பில்.) கலாநிதிக்கோ பதிவு செய்துகொள்ளலாம். பேராதனை இரசாயனத் துறைப் பேராசிரியர்களும் தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை ஆகியவற்றின் நிதியில் உதவியாளர்களை எடுப்பதுண்டு. எல்லாமே பத்திரிகை விளம்பரத்தில் வராது. நீங்கள் உள்ளேயே இருக்கிறீர்கள், துறையின் அறிவித்தல் பலகையைப் பாருங்கள், அறைக் கதவைத் தட்டிக் கேளுங்கள். தேயிலையில் ஆர்வம் இருந்தால் தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம், உங்கள் வீட்டிலிருந்து ஒன்றும் பெரிய தூரமில்லை, அங்கேயும் விசாரியுங்கள்.

கொடுப்பனவு பெரிதாக இருக்காது. கண்டியில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு போக வீட்டுக்கு அனுப்ப மிச்சம் சொற்பம்தான். ஆனால் கடன் இல்லை.

முது தத்துவமாணி பற்றி ஒரு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் அது 11ஆம் மட்டம், பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டம், கலாநிதி 12. ஆகவே முது தத்துவமாணி ஒன்றும் குறைந்த பட்டம் இல்லை, இங்கே விரிவுரையாளராக வர நினைத்தால் அதற்கு நல்ல மதிப்பு. ஆனால் அது இழுபடும். இரண்டு வருடம் என்று தொடங்கி, இரசாயனப் பொருள் வரவில்லை, கருவி பழுது, திருத்துகிற ஆட்களுக்கு நேரமில்லை என்று வருடக்கணக்காகப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் பதிவு செய்யும்போதே மேற்பார்வையாளரிடம் நேரடியாகச் சொல்லுங்கள், நான் இத்தனையாம் ஆண்டு வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், அதற்குள் ஒரு கட்டுரை வரவேண்டும் என்று. நல்ல மேற்பார்வையாளர் கோபப்பட மாட்டார், அதற்கேற்ற தலைப்பைத் தருவார்.

மேற்பார்வையாளரைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. நம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்கிறார்கள், தலைப்பைப் பார்க்கிறார்கள், கடைசியாகத்தான் ஆளைப் பார்க்கிறார்கள். திருப்பிப் போடுங்கள் அந்த வரிசையை. ஐந்து வருடம் உங்கள் விடிவும் பொழுதும் அந்த ஒரு ஆளின் கையில் இருக்கும், விசா முதற்கொண்டு. அவருடைய கடைசி ஐந்தாறு கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள், முதல் பெயராக மாணவர் இருக்கிறாரா, ஒரே மாணவரின் பெயரே திரும்பத் திரும்ப வருகிறதா, எல்லா மாணவருக்கும் ஏதாவது வந்திருக்கிறதா. அவரிடம் படித்து வெளியேறியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். படித்துக்கொண்டிருக்கிற ஒருவரோடு தனியாகப் பேசுங்கள், பேராசிரியருக்கு முன்னால் வேண்டாம். எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், இடையில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், அம்மாவுக்குச் சுகமில்லை என்றால் ஊருக்குப் போய்வர விடுவாரா என்று கேளுங்கள். "நல்லவர்தான், ஆனால்..." என்று இழுத்தால் அந்த ஆனாலுக்குப் பிறகு வருவதைக் கவனமாகக் கேளுங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் கேட்க வேண்டும். 2008 டிசம்பரில் லொஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் 23 வயதுப் பெண்ணொருத்தி காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கிற டெர்ட்-பியூட்டைல் லிதியத்தைச் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தபோது அது சிந்தித் தீப்பற்றியது. அவர் ஆய்வுகூடக் கோட்டு போட்டிருக்கவில்லை. 18 நாள் கழித்து இறந்துபோனார். அவரும் உங்களைப் போல அப்போதுதான் பட்டம் முடித்து ஆய்வு உதவியாளராகச் சேர்ந்திருந்தவர். புதிய ஆளுக்கு யார் பழக்குகிறார்கள், இரவில் தனியாக வேலை செய்யச் சொல்வார்களா என்று கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். இங்கே நம் ஆய்வுகூடங்களிலும் கேளுங்கள். கண்ணாடி போடாமல் நிற்கிற சீனியரைப் பார்த்துப் பழகிவிடாதீர்கள், பெரிய பேராசிரியராக இருந்தாலும் சரி.

எந்தப் பிரிவு என்று கேட்டிருந்தீர்கள். நாள் முழுக்கக் கையால் என்ன வேலை செய்வீர்கள் என்று முதலில் யோசியுங்கள், வேலைவாய்ப்பை அடுத்ததாகப் பார்க்கலாம். சேதன இரசாயனம் என்றால் தாக்கம் போடுவது, மெல்லிய படலத்தில் பார்ப்பது, நிரலில் பிரிப்பது, கரைப்பானை ஆவியாக்குவது, கிடைத்த பத்து மில்லிகிராமை வைத்துக்கொண்டு மூலக்கூறின் அமைப்பைக் காட்டுகிற என்.எம்.ஆர். நிறமாலையைப் பார்ப்பது, சரிவராவிட்டால் திரும்ப முதலிலிருந்து. பகுப்பாய்வு என்றால் மாதிரியைத் தயார் செய்வது, நியமக் கரைசல்கள், அளவுத்திருத்த வளைகோடு, கருவியோடு மல்லுக்கட்டுவது, ஒரே அளவீட்டைப் பொறுமையாகத் திரும்பத் திரும்ப எடுப்பது. பௌதிக இரசாயனத்தில் லேசரும் வெற்றிடக் குழாயும். கணிப்பு இரசாயனத்தில் முழுக்கக் கணினிதான். உங்கள் நான்காம் வருட ஆய்வில் எந்த வேலை செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை? அதுதான் உங்கள் பிரிவு. வேலைக்காக மட்டும் ஒன்றை எடுத்தீர்கள் என்றால் மூன்றாம் வருடம், ஒன்றுமே சரிவராத அந்த வருடம் எல்லோருக்கும் வரும், அப்போது தாங்க மாட்டீர்கள்.

வேலை என்று பார்த்தால், இலங்கைக்குத் திரும்பி வர நினைக்கிறவர்களுக்குப் பகுப்பாய்வில்தான் கதவு அதிகம். நீர்வழங்கல் சபை, அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம், கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம், மருந்துக் கம்பனிகளின் தரக்கட்டுப்பாடு, ஏற்றுமதிக்கான பரிசோதனைக் கூடங்கள். நான் இருப்பது அந்தக் கடைசி வகை, தேயிலையில் பீடைநாசினி எச்சம் பார்க்கிற ஆய்வுகூடம். உங்களுக்குத் தெரிந்திருக்கும், 2015இல் கிளைபோசேட் என்கிற களைநாசினியைத் தடை செய்தார்கள். தடை வந்ததற்காகக் களை முளைக்காமல் இருக்குமா? சில இடங்களில் எம்.சி.பி.ஏ. என்கிற வேறு களைநாசினி அடித்தார்கள். ஜப்பானில் அதற்குத் தேயிலையில் தனி வரம்பு இல்லாததால் பொது வரம்பான கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் செல்லும், அதற்கு மேலே இருந்த தேயிலை அங்கே சிக்கலில் மாட்டியது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் தடையைத் தளர்த்தினார்கள். ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராமின் நூறில் ஒரு பங்கை நம்பிக்கையோடு அளந்து சொல்லக்கூடிய ஆட்கள் இல்லாவிட்டால் கொழுந்து எடுக்கிறவர்களின் வயிற்றில்தான் கடைசியில் அடி விழும். இதை வெறும் தொழிற்சாலை வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

அதுபோல, நம் மலையைச் சுற்றி ஆய்வுக்கு எவ்வளவு கேள்வி கிடக்கிறது என்பதை நம் பிள்ளைகள் பார்ப்பதில்லை. ஊவாவில் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரைக்கும் கச்சான் காற்று காய்ந்து வீசுகிற நாட்களில் எடுக்கிற கொழுந்துக்கு ஒரு தனி மணம், பெக்டரியில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதற்கு முக்கிய காரணமான சேர்வைகளில் ஒன்று மெதைல் சலிசிலேற்று, மூட்டுவலிக்குப் பூசுகிற தைலத்தில் மணக்கிறதே, அதுவேதான். வரட்சியில் செடி தன்னைக் காத்துக்கொள்ள எதைச் செய்கிறது, அது எப்படி விலையாக மாறுகிறது என்பது முழுக்க இரசாயனம். கொழுந்தை வாட்டி ரோலரில் போட்டு உருட்டும்போது அதிலுள்ள கட்டெக்கின்கள் என்கிற சேர்வைகள் நொதியத்தோடும் ஒட்சிசனோடும் சேர்ந்து தியாஃபிளேவின்களாக மாறுவது, அந்த நிறம், அந்தத் துவர்ப்பு. பேராதனையில் பேராசிரியர் சுல்தான்பாவா நம் காட்டுப் புன்னைச் சாதி மரங்களிலிருந்து சாந்தோன்கள் என்கிற சேர்வைகளைப் பிரித்தெடுத்து உலகம் வாசிக்கிற ஆய்வாகச் செய்துகாட்டினார். தோட்டத்துப் பீலித் தண்ணீரில் நைத்திரேற்று எவ்வளவு, உரம் போட்ட மாதத்தில் எவ்வளவு, மழைக்குப் பிறகு எவ்வளவு என்பதுகூட ஒழுங்காகச் செய்தால் ஒரு நல்ல முதல் கட்டுரை. வெளிநாட்டுப் பேராசிரியர் உங்களிடம் எதிர்பார்ப்பது, ஒரு கேள்வியை நீங்களே எடுத்து முடிவு வரை கொண்டுபோகத் தெரியுமா என்பதைத்தான்.

இனி விண்ணப்பம். அமெரிக்கா என்றால் ஓகஸ்டில் தொடங்குகிற வருடத்துக்கு அதற்கு முந்திய டிசம்பர், ஜனவரியில் முடிவுத் திகதி இருக்கும். முடிவுகள் ஜனவரி தொடக்கம் ஏப்ரல் வரைக்கும் வரும். உதவித்தொகையோடு இடம் தந்தால் ஏப்ரல் 15 வரைக்கும் யோசிக்க உங்களுக்கு நேரம் உண்டு, பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒத்துக்கொண்ட திகதி அது, அதற்கு முன்னே அவசரப்படுத்தினால் பயப்படத் தேவையில்லை. பட்டப்பின்படிப்பு அனுமதிக்கு எழுதுகிற ஜி.ஆர்.ஈ.யில் இரசாயனப் பாடப் பரீட்சையை 2023உடன் நிறுத்திவிட்டார்கள், பொதுப் பரீட்சையையும் பல இரசாயனத் துறைகள் இப்போது கேட்பதில்லை. ஏஜென்சிக்காரர் அதற்கு வகுப்பு நடத்துகிறேன் என்று சொன்னாலும் நம்பி ஏறிவிடாதீர்கள், ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் போய் நீங்களே பாருங்கள். விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் 50 இலிருந்து 100 டொலர் வரைக்கும் போகும், கேட்டால் சில இடங்களில் தள்ளுபடி தருவார்கள், கேட்காமல் தர மாட்டார்கள். ஆறு, ஏழு இடம் போதும். இரண்டு பெரிய இடம், மிச்சம் நீங்கள் விரும்புகிற வேலையை மூன்று பேராசிரியர்களாவது செய்கிற நடுத்தர மாநிலப் பல்கலைக்கழகங்கள். மூன்று பேர் என்று சொல்வதற்குக் காரணம், அமெரிக்காவில் இரசாயனத்தில் பொதுவாகச் சேர்ந்த பிறகுதான் மேற்பார்வையாளரைத் தெரிவு செய்வார்கள், நீங்கள் மனதில் வைத்திருந்த ஒருவர் அந்த வருடம் ஆள் எடுக்காவிட்டால் நடுத்தெருவில் நிற்கக் கூடாது. பேராதனையில் படித்த சீனியர்கள் அந்த நாட்டில் பல துறைகளில் இருக்கிறார்கள், தேடி எழுதுங்கள், நம் ஆட்கள் பதில் போடுவார்கள்.

பிரித்தானியா, அவுஸ்திரேலியா, கனடா, ஐரோப்பா எல்லாம் வேறு முறை, அங்கே பெரும்பாலும் பேராசிரியர் முதலில் சம்மதிக்க வேண்டும், பிறகுதான் விண்ணப்பம். ஜேர்மனியில் கலாநிதிக்கு முதுமாணி பொதுவாகத் தேவை, ஆனால் அரச பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதுமாணிக்கே கட்டணம் இல்லை. விசாவுக்கு மட்டும் ஒரு வருடச் செலவுக்கான காசை முடக்கி வைத்துக் காட்ட வேண்டும், 2024 செப்டெம்பரில் அது 11,904 யூரோவாக இருந்தது, அது நம் வீடுகளுக்குச் சின்னக் காசு இல்லை. ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசில் கிடைத்தால் கட்டணம், விமானச் சீட்டு, மாதச் செலவு எல்லாம் சேர்த்து வரும், 35 வயதுக்குள் இருக்க வேண்டும். இந்தியாவை மறந்துவிடாதீர்கள், பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள பெரிய நிறுவனங்களின் இரசாயனம் யாருக்கும் குறைந்ததில்லை, இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில் பற்றிக் கண்டியில் உள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்திலேயே விசாரிக்கலாம், வீட்டாருக்கும் பயம் குறைவு. ஒரே நாட்டை நம்பி இருக்காதீர்கள். 2025 மே கடைசியில் அமெரிக்கா புதிய மாணவர் விசா நேர்முகங்களுக்கு நேரம் கொடுப்பதையே சில வாரங்கள் நிறுத்தி வைத்தது, அனுமதிக் கடிதம் கையில் இருந்தவர்களெல்லாம் தவித்துப் போனார்கள்.

நோக்க அறிக்கை என்று ஒன்று எழுதக் கேட்பார்கள். "சிறு வயதிலிருந்தே எனக்கு இரசாயனத்தில் ஆர்வம்" என்று தொடங்காதீர்கள், வாசிக்கிறவர் அன்றைக்கே அந்த வசனத்தை எத்தனையோ தடவை பார்த்திருப்பார். உங்கள் ஆய்வில் என்ன செய்தீர்கள், எங்கே பிழைத்தது, ஏன் பிழைத்தது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அடுத்து எதைக் கேட்க விரும்புகிறீர்கள், அந்தத் துறையில் யாருடைய வேலை அதோடு ஒட்டுகிறது. தோட்டத்திலிருந்து வந்ததை எழுதலாமா என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. தாராளமாக எழுதுங்கள், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஆனால் இரக்கம் தேடுகிற மாதிரி எழுத வேண்டாம். குடும்பத்தில் முதல் பட்டதாரி, உயர்தரம் வரை தமிழில் படித்து நான்கு வருடம் ஆங்கிலத்தில் சிறப்புப் பட்டம் முடித்தேன் என்று இரண்டு வசனத்தில் நேராகச் சொன்னால் வாசிக்கிறவருக்கு உங்கள் இரண்டாம் வகுப்பின் உண்மையான எடை புரியும்.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்னமே நேரில் போய்க் கேளுங்கள், பெறுபேறு, நோக்க அறிக்கை, திகதிப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு கோப்பாகக் கொடுங்கள். பரீட்சைக் கிளையிலிருந்து பெறுபேற்று ஆவணம் எடுக்கவும் நாள் பிடிக்கும்.

ஆங்கிலம். இதில் பயம் இருப்பது நியாயம், ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் பிரச்சினை இல்லை. நான்கு வருடம் ஆங்கிலத்தில் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறீர்கள், வாசிப்பும் எழுத்தும் வந்துவிடும். பேச்சைத்தான் கவனிக்க வேண்டும், ஏனென்றால் வகுப்பில் நின்று படிப்பிக்கிறவருக்குப் பேச்சுப் புள்ளியைத் தனியாகப் பார்க்கிற பல்கலைக்கழகங்கள் பல. அதற்குக் காசு கட்டி வகுப்புக்கு ஓடுவதைவிட, இப்போது ஆய்வுகூடத்தில் நிற்கிறீர்களே, அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலும் மற்றவர்களுக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்திலும் சமாளிக்காமல், வகுப்பின் முதல் பத்து நிமிட விளக்கத்தை ஒவ்வொரு நாளும் ஆங்கிலத்தில் கொடுங்கள். சிரிக்கிறவர்கள் ஒரு வாரம் சிரிப்பார்கள். ஐ.ஈ.எல்.ரி.எஸ்., டோஃபெல் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும், ஆகவே விண்ணப்பிக்கிற வருடத்தில் எழுதினால் போதும், இப்போதே எழுதிக் காசை வீணாக்க வேண்டாம்.

அம்மா சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். நம் பாடசாலைகளில் உயர்தர இரசாயனத்தைத் தமிழில் படிப்பிக்க ஆள் இல்லாமல் எத்தனை பிள்ளைகள் கலைப்பிரிவுக்குப் போனார்கள் என்பது உங்களுக்கே தெரியும், உங்கள் கூடப் படித்தவர்களில் சிலர் அப்படிப் போயிருப்பார்கள். அது பெரிய வேலை, மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள வேலை. வீட்டு நிலைமை உடனே சம்பளம் வேண்டும் என்று இருந்தால் நியமனத்தை எடுங்கள், எடுத்துவிட்டு வார இறுதியில் பட்டப்பின்படிப்பு நிறுவகத்தில் பகுப்பாய்வு இரசாயனத்தில் முதுமாணி செய்யலாம், ஹட்டனிலிருந்து சனிக்கிழமை விடியற்காலை பஸ் பிடித்து வந்து படித்து முடித்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் கலாநிதிதான் ஆசை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிரந்தர வேலையில் காலை வைத்த பிறகு முழுநேர ஆய்வுக்குத் திரும்புவது கஷ்டம், சம்பளமும் பழகிவிடும், வீட்டில் கல்யாணப் பேச்சும் தொடங்கிவிடும். அதனால் நியமனக் கடிதம் இன்னும் வராத இந்த நேரத்தில் ஆய்வு உதவியாளர் வேலைக்கு முயற்சி செய்வதுதான் சரி என்பது என் கருத்து. இரண்டு வருடத்துக்குள் எந்த இடமும் சரிவராவிட்டால் ஆசிரியர் தொழில் அப்போதும் இருக்கும், கையில் ஆய்வு அனுபவத்தோடு போவீர்கள்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். மகளுக்காக எல்லாவற்றையும் கொடுக்கத் தயாராக நிற்கிற மனிதரிடம் வேண்டாம் என்று சொல்வது அவருக்கு வலிக்கும். காசு போதாது என்றோ உங்களால் முடியாது என்றோ சொல்லாதீர்கள், இந்தப் படிப்புக்கு அவர்கள்தான் எனக்குச் சம்பளம் தர வேண்டும் அப்பா, அப்படித்தான் முறை என்று சொல்லுங்கள். நம்பாவிட்டால் இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள். விமானச் சீட்டு, விசாக் கட்டணம், அமெரிக்காவுக்கு 350 டொலர் செவிஸ் என்கிற மாணவர் பதிவுக் கட்டணம், முதல் மாதச் சம்பளம் வரும் வரைக்குமான வாடகை என்று புறப்படும்போது ஒரு தொகை நிச்சயமாகத் தேவைப்படும், அதை இப்போதிருந்தே உங்கள் கொடுப்பனவிலிருந்து மாதம் மாதம் தனியாக ஒதுக்கி வையுங்கள். போதாவிட்டால் அந்தச் சின்னத் தொகைக்கு மட்டும் அப்பாவிடமோ மாமாவிடமோ கைமாற்று வாங்கலாம், முதல் வருட முடிவுக்குள் திருப்பிவிடலாம்.

இந்த மாதத்துக்குள் மூன்று பேராசிரியர்களைச் சந்தியுங்கள், ஹந்தானைக்கும் ஒரு தடவை போய்வாருங்கள். உங்கள் நான்காம் வருட ஆய்வைப் பற்றி ஒரு பக்கம், அதிகம் வேண்டாம், ஆங்கிலத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். பிழை இருந்தாலும் பரவாயில்லை, நான் திருத்தி அனுப்புகிறேன், அந்தப் பக்கத்தையே கையில் எடுத்துக்கொண்டு அவர்களைப் பார்க்கப் போகலாம்.